செக்கு எண்ணெய்: வெளியூர் ஆன்லைன் வாடிக்கையாளரா, உள்ளூர்க் குடும்பமா?

திருவண்ணாமலையில் கடலை எண்ணெய் ஆட்டும் எனக்கு முன்னால் இரண்டு கூட்டம் இருந்தது. ஒன்று, சென்னை, பெங்களூரில் ஆரோக்கிய உணவு தேடும் ஐடி இளைஞர்கள். இன்னொன்று, செக்குக்கு வண்டியில் வந்துபோகும் தூரத்தில் உள்ள குடும்பங்கள். நான் குடும்பங்களைத்தான் பிடித்துக்கொண்டேன். புதிதாகச் செக்கு போடுபவர் கேட்டாலும் அதையே சொல்வேன்.

வெளியூர்க்காரர் பேரம் பேசமாட்டார், பணமும் முதலிலேயே வந்துவிடும். இன்ஸ்டாகிராம் விளம்பரத்தை வயது, ஊர், விருப்பம் என்று பிரித்துக் காட்டவும் முடியும். அதெல்லாம் சரிதான்.

ஆனால் எண்ணெய் வியாபாரம் நிற்பது அதே ஆள் வாங்கும் இரண்டாவது, மூன்றாவது பாட்டிலில். ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ பருப்பு ஆட்ட வேண்டும். அதில் மிஞ்சுவது கொஞ்சம்; முதல் விற்பனையின் லாபம் விளம்பரத்துக்கே போய்விடும். அடுத்த மாதமும் அவர் வந்தால்தான் நமக்கு ஏதாவது நிற்கும். வெளியூர் என்றால் ஒவ்வொரு முறையும் கூரியர் செலவு வேறு. லிட்டர் எண்ணெய் 910 கிராம்தான். பாட்டிலும் அட்டைப்பெட்டியும் சேர்ந்தால் ஒரு கிலோவைத் தாண்டி அடுத்த கட்டணத்துக்குப் போய்விடும். அவர் தெருவிலேயே ஒரு செக்கு வந்துவிட்டால் அங்கே வாங்குவார், அதுதான் நியாயமும்.

உள்ளூர் என்றாலும் எல்லா வீடும் நம் வீடு அல்ல. இதைக் காட்டிக்கொடுத்தது பில் புத்தகம். ஃபோன் நம்பரோடு பில் போட்டு, மாதம் தவறாமல் வருபவர்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தேன். ஆசிரியர் வீடும் இருந்தது, பால்காரர் வீடும் இருந்தது. வயது, வருமானம் எதுவும் ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போனது ஒன்றுதான்: மூன்று வேளையும் அடுப்பு எரியும், பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து இருக்கும் வீடுகள். சம்பளத் தேதியை ஒட்டி ஐந்து லிட்டர் டின் வாங்குவது அவர்கள்தான். அதன்பிறகு என் நோட்டீஸ் பள்ளிக்கூட வாசலுக்கும் காய்கறிச் சந்தைக்கும் மட்டும் போகிறது.

ஹோட்டல்களுக்கு நான் கொடுத்ததில்லை. கடன் இழுக்கும் என்று மற்ற செக்குக்காரர்கள் சொல்வதை மட்டும் வைத்து அதைத் தள்ளிவிட முடியாது. கையில் முதல் உள்ளவருக்கு அது ஒத்துவரலாம்.

வெளியூர் ஆர்டர் தானாக வந்தால், ஐந்து லிட்டருக்குக் குறையாமல் கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன். அதற்கென்று விளம்பரம் கொடுப்பதில்லை.