இதயம் எதை எரிக்கிறது? நான்கு வழிகள், நான்கு விதமான பதில்கள்

நம் இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ 6 கிலோ ஏடிபியை (செல்களின் ஆற்றல் நாணயம்) உருவாக்கிச் செலவழிக்கிறது. அதில் பெரும்பங்கு கொழுப்பு அமிலங்களை எரித்து வருவது. மீதி குளுக்கோஸ், லாக்டேட் (குளுக்கோஸ் உடைந்து வரும் பொருள்), கீட்டோன்கள் (கொழுப்பிலிருந்து கல்லீரல் செய்வது) ஆகியவற்றிலிருந்து. சர்க்கரை நோயில் இந்தப் பங்கு மாறிவிடுகிறது. எவ்வளவு மாறியது என்று அறிய, அணுவில் அடையாளமிட்ட எரிபொருளைக் கொடுத்துப் பின்தொடர வேண்டும். எந்த அடையாளம் என்பதில்தான் போட்டி.

மருத்துவமனைகளுக்குப் பழக்கமானது எஃப்டிஜி-பெட் ஸ்கேன். கதிரியக்க ஃப்ளோரின்-18 ஏற்றிய குளுக்கோஸ் செல்லுக்குள் போய், ஒரு பாஸ்பேட் ஒட்டியதும் அங்கேயே சிக்கிக்கொள்ளும். எவ்வளவு உள்ளே போனது என்று தெரியும். உள்ளே போன குளுக்கோஸ் எரிந்ததா, லாக்டேட்டாக வெளியேறியதா என்று தெரியாது. பெட் படத்தை வைத்து 'எரிகிறது' என்று முடிவு சொன்னால் நான் ஏற்கமாட்டேன்.

கதிரியக்க முறையில் அந்தக் குறை இல்லை. உடலுக்கு வெளியே துடிக்கவிட்ட எலி இதயத்துக்குக் கார்பன்-14 குளுக்கோஸும் டிரிட்டியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) ஏற்றிய பால்மிடேட் என்ற கொழுப்பு அமிலமும் கொடுத்து, வெளிவரும் கார்பன் டைஆக்சைடையும் நீரையும் அளப்பார்கள். நிமிடத்துக்கு எவ்வளவு எரிகிறது என்ற வேகமே கிடைத்துவிடும். ஆனால் எரிபொருள்கள் கடைசியில் எரியும் சிட்ரிக் அமிலச் சுழற்சிக்குள் நடப்பது தெரியாது. கார்பன்-14-இன் அரை ஆயுள் சுமார் 5,730 ஆண்டுகள் என்பதால் கழிவுப் பிரச்சினை வேறு.

என் ஓட்டு கார்பன்-13-க்கு. கதிர்வீச்சே இல்லாத நிலைத்த ஐசோடோப்பு என்பதற்காக மட்டும் அல்ல. எல்லாக் கார்பனிலும் அடையாளமிட்ட கொழுப்பு அமிலம், மூன்றாம் கார்பனில் மட்டும் அடையாளமிட்ட லாக்டேட், அடையாளமே இல்லாத குளுக்கோஸ் மூன்றையும் ஒரே நேரத்தில் கொடுக்கலாம். கொழுப்பிலிருந்து வரும் அசிட்டைல் என்ற இரு கார்பன் துண்டில் இரண்டுமே கனமானவை, அதாவது கார்பன்-13. லாக்டேட்டிலிருந்து வந்தால் ஒன்று மட்டும். அவை சுழற்சிக்குள் போய், அதோடு தொடர்புடைய குளூட்டமேட் என்ற அமினோ அமிலத்தின் 4, 5-ஆம் இடங்களில் உட்காரும். இரண்டும் கனமாக இருந்தால் என்எம்ஆரில் (காந்தப் புலத்தில் அணுக்கருக்களின் சிக்னலைப் படிக்கும் கருவி) நான்காம் கார்பனின் கோடு பிளவுபடும். அந்தக் கோடுகளின் விகிதமே எரிபொருள்களின் பங்கு. அமெரிக்காவின் டல்லாஸில் மல்லோய், ஷெர்ரி, ஜெஃப்ரி மூவரும் 1980-களில் இதை ஒரு முழுக் கணக்கீட்டு முறையாகவே வளர்த்தெடுத்தார்கள். எனக்கு இன்னும் வியப்பு தீரவில்லை.

குறையும் உண்டு. கிடைப்பது பங்குதான், வேகம் அல்ல. வேகம் வேண்டுமானால் ஆக்சிஜன் நுகர்வையும் சேர்த்து அளக்க வேண்டும். என்எம்ஆரின் உணர்திறனும் குறைவு, திசு நிறையத் தேவை. கையில் சிறு துண்டு திசு மட்டும் இருந்தால் மூலக்கூறுகளை எடைபோடும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குப் போங்கள். எத்தனை கார்பன் கனமானவை என்று அது சொல்லும். எந்த இடத்தில் என்று பொதுவாகச் சொல்லாது.

சரி, உயிருள்ள நோயாளிக்கு? அதிமுனைவாக்கிய (அணுக்கருக்களை முன்கூட்டியே ஒரே திசையில் திருப்பிச் சிக்னலைப் பெருக்கிய) கார்பன்-13 பைருவேட். குளுக்கோஸும் லாக்டேட்டும் எரியும் முன் பைருவேட்டாகத்தான் மாறும். சிக்னல் 10,000 மடங்குக்கும் மேல் கூடும். ஆனால் ஓரிரு நிமிடங்களில் மங்கிவிடும். பைருவேட் எரியத் தொடங்கும்போது வெளிவரும் கார்பன் டைஆக்சைடு பைகார்பனேட்டாக மாறுவதை எம்ஆர்ஐ ஸ்கேனிலேயே பார்க்கலாம். மனித இதயத்தில் இதன் முதல் படங்களை டொராண்டோ குழு 2016-இல் வெளியிட்டது. பைருவேட் எரியத் தொடங்கும் அந்த வாசல்படியை மட்டுமே இது காட்டும். கொழுப்பின் பங்கைக் கேட்டால் இதனிடம் நேரடிப் பதில் இல்லை.