சைனீஸ் டெமாக்ரசி: பாட்டுல கோளாறு கம்மி, வித்த லட்சணம்தான் படு மோசம்

முதல்லயே சொல்லிடுறேன், அமெரிக்க ராக் பேண்டு கன்ஸ் அண்ட் ரோசஸ்ஸோட இந்த ஆல்பம் மொக்கை இல்ல. கேக்காமலே மொக்கைன்னு சொல்றவங்கதான் ஜாஸ்தி. என் கணக்குல 5க்கு மூணரை. ஆனா இதை வித்த விதத்துக்கு மார்க் போடச் சொன்னா அரை மார்க் கூட மனசு வராது, அந்தக் கடுப்புலதான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

சிடி கெடைச்சது சென்ட்ரல் பக்கத்துல அல்லிக்குளம் மூர் மார்க்கெட்ல, பழைய சிடிங்க குமிஞ்சு கெடந்த ஒரு பொட்டில. கடைக்காரர் அட்டைய திருப்பித் திருப்பிப் பாத்துட்டு "இன்னாபா இது, சைக்கிள் கம்பெனி சிடியா"ன்னாரு. அவர் கேட்டதுலயும் தப்பு இல்ல, அட்டையில செவுத்துல சாய்ச்சு வெச்ச ஒரு சைக்கிள், அதுக்கு முன்னாடி ஒரு பிரம்புக் கூடை, பேண்டோட பாடகர் ஆக்சல் ரோஸ் மூஞ்சி கூட இல்ல. டப்பாவோட கீல் ஒடஞ்சிருந்துச்சு, டிஸ்க்ல கீறல் இல்ல. உள்ள இருக்க புக்லெட்தான் செம. ஒவ்வொரு பாட்டுக்கும் யார் யார் என்ன வாசிச்சாங்கன்னு பொடி எழுத்துல போட்டிருக்காங்க, ஒரே பாட்டுக்கு கிட்டாரிஸ்ட் பேரே வரிசையா போகுது, எத்தன வருஷம் இதைப் போட்டு ஒழப்பியிருக்காங்கன்னு அதைப் பாத்தாலே புரிஞ்சுடும்.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா கதை. 1991 செப்டம்பர்ல ஒரே நாள்ல ரெண்டு ஆல்பம் விட்டாங்க, 1993ல அடுத்தவங்க பாட்டையெல்லாம் பாடி ஒண்ணு, அதோட சரி. 1996ல கிட்டாரிஸ்ட் ஸ்லாஷ் கெளம்பிட்டாரு, அடுத்த வருஷம் பேஸ் கிட்டார் வாசிச்ச டஃப்பும் போயிட்டாரு, ஆக்சல் மட்டும் புது ஆளுங்கள வெச்சுக்கிட்டு ஸ்டுடியோவே கதின்னு உக்காந்தாரு. 1 கோடியே 30 லட்சம் டாலர் முழுங்கியாச்சுன்னு நியூயார்க் டைம்ஸ் 2005லயே எழுதிடுச்சு, அப்பவும் ஆல்பம் வரல. வந்தது 2008 நவம்பர் 23. சொந்தப் பாட்டுன்னு பாத்தா 17 வருஷம் கழிச்சு.

சரி, அவ்ளோ நாள் காத்திருந்த சரக்கு வெளிய வருதுன்னா ஆளு என்ன பண்ணணும்? டிவியில வரணும், பேட்டி குடுக்கணும், நாலு ஊர்ல மேடை போடணும். ஆக்சல் ஒண்ணும் பண்ணல. ரிலீஸ் அன்னிக்கு ஆளையே காணோம், மாப்ள இல்லாம ரிசப்ஷன் நடந்த கதைதான். வீடியோ கிடையாது. கச்சேரியும் கிடையாது, 2007 ஜூலைல ஜப்பான்ல முடிச்ச டூருக்கு அப்புறம் 2009 டிசம்பர்ல தைபேலதான் மறுபடி மேடை ஏறுனாங்க, அதாவது ஆல்பம் வந்து ஒரு வருஷம் தாண்டி. ஆல்பம் வந்த கையோட 2008 டிசம்பர்ல திடீர்னு ரசிகர்கள் கேட்ட கேள்விக்கு நெட்ல பக்கம் பக்கமா பதில் எழுதுனாரு, ஏற்கனவே உசுர விடுற ரசிகனுக்கு அது திருவிழா, ஆனா கடையில நிக்குறவனுக்கு எப்படித் தெரியும்?

நம்ம ஏரியாவையே எடுத்துக்கங்க. காசிமேட்டுலயோ வியாசர்பாடிலயோ ஒரு பையன் கானா பாட்டு ஒண்ணு ரெக்கார்ட் பண்ணான்னா மொத வேலையா போன்ல எல்லா குரூப்புலயும் தள்ளுவான், யூடியூப் வீடியோ மேல புக்கிங் நம்பர் ஓடும், கோயில் திருவிழா மேடையில அதே பாட்ட ரெண்டு தடவ பாடுவான். எவன் பணமும் கெடையாது, பாட்டு போய் சேரணும்ங்கற வெறி மட்டும் இருக்கு. இங்க கோடிக் கணக்குல கொட்டிட்டு அந்த வெறிதான் இல்ல.

இப்ப மேட்டருக்கு வரேன். அமெரிக்காவுல இந்த ஆல்பம் டிவி, கம்ப்யூட்டர்லாம் விக்கிற பெஸ்ட் பை கடையில மட்டும்தான் கெடைக்கும்னு டீல் போட்டாங்க. அந்தக் கடை 13 லட்சம் காப்பிய முன்கூட்டியே வாங்கிடுச்சு. அதாவது காசு கைக்கு வந்தாச்சு. அப்புறம் எந்த லேபிள்காரன் (ஆல்பத்த வெளியிடுற கம்பெனிக்காரன்) தெருவுல எறங்கி கூவி விப்பான் சொல்லுங்க? மத்த கடைக்காரனுக்கு சரக்கே இல்ல, அவன் எதுக்கு போஸ்டர் ஒட்டப் போறான்? முதல் வாரத்துல 2,61,000 காப்பி, பில்போர்டுங்கற அமெரிக்க விற்பனைப் பட்டியல்ல மூணாவது எடம். வேற பேண்டுக்கு அது பெருசு, இவங்களுக்கு அது அடி. அடுத்த வாரமே டாப் 10ஐ விட்டு வெளிய போயிடுச்சு.

ஒரே கடைல வித்ததுதான் காரணம்னு முடிச்சுடலாம்னு பாத்தா அதுவும் முடியாது. அதே 2008 அக்டோபர்ல ஏசி டிசிங்கற ஆஸ்திரேலியா ராக் பேண்டு அவங்க ஆல்பத்த வால்மார்ட்ல மட்டும்தான் விட்டாங்க, முதல் வாரமே 7,84,000, நேரா நம்பர் ஒன். அவங்களும் பல வருஷம் கழிச்சு வந்தவங்கதான். ஆனா கடைக்குள்ள தனி எடம் போட்டு டி-ஷர்ட்டு பழைய ஆல்பம்னு அடுக்கி வெச்சாங்க, அந்த மாசமே டூர் கெளம்பிட்டாங்க. அதுக்கு முந்தின வருஷம் ஈகிள்ஸ் பேண்டும் வால்மார்ட் டீல்தான், 7,11,000 காப்பி. ஈகிள்ஸ் மேனேஜர் இர்விங் அசாஃப்தான் 2008ல ஆக்சலுக்கும் மேனேஜர்! ஒரே ஆளு, கிட்டத்தட்ட ஒரே ஐடியா, ஒண்ணு பிச்சுக்கிச்சு இன்னொண்ணு படுத்துச்சு. பின்னாடி 2010ல அசாஃப் கமிஷன் பாக்கின்னு கேஸ் போட, பழைய ஆளுங்களோட என்னைச் சேர வெக்கத்தான் வேணும்னே ஆல்பத்தக் கவுத்தாருன்னு ஆக்சல் எதிர் கேஸ் போட்டாரு. அது நெஜமோ இல்லயோ, பேட்டி குடுக்காதேன்னு ஆக்சல் வாயை யாரும் கட்டிப் போட்டிருக்க மாட்டாங்கன்னுதான் எனக்குத் தோணுது.

இதுல பெரிய காமெடி டாக்டர் பெப்பர்ங்கற கூல்ட்ரிங்க் கம்பெனி. இந்த வருஷம் ஆல்பம் வந்துட்டா அமெரிக்காவுல எல்லாருக்கும் ஒரு கூல்ட்ரிங்க் ஃப்ரீ, பேண்ட விட்டுப் போன கிட்டாரிஸ்டுங்க ஸ்லாஷுக்கும் பக்கெட்ஹெட்டுக்கும் மட்டும் கெடையாதுன்னு 2008 மார்ச்ல நக்கலா அறிவிச்சாங்க. வரவே வராதுன்னு தெகிரியம். வந்துடுச்சு. கூப்பன் வாங்க கூட்டம் மோதி வெப்சைட்டு படுத்துடுச்சு, ஆக்சலோட வக்கீல் மன்னிப்பு கேளுன்னு லெட்டர் அனுப்புனாரு. அந்த வாரம் ஆல்பத்தப் பத்தி ஊரு பேசுனதுல பாதி கூல்ட்ரிங்க் சண்டை. ஓசில கெடைச்ச விளம்பரம், அதை சிரிச்சுக்கிட்டே வாங்கிப் போட்டிருக்கலாம், நோட்டீஸ் வுட்டாங்க!

பாட்டு பக்கம் வந்தா, மொத்தம் 14, 71 நிமிஷத்துக்கு ஓடுது, அதுவே நீளம். 'பெட்டர்' ஒண்ணப் போதும், அதுக்கு அப்பவே ஒரு வீடியோ விட்டு டிவியில ஓட்டியிருந்தா கதையே வேற. 'தேர் வாஸ் எ டைம்' கடைசியில பக்கெட்ஹெட் கிட்டார் ஏறிக்கிட்டே போகும் பாருங்க, பஸ்ல கேட்டா எறங்க வேண்டிய ஸ்டாப்ப வுட்டுடுவீங்க. 'திஸ் ஐ லவ்' பியானோவும் ஆக்சல் கொரலும் மட்டும் நம்பி ஆரம்பிக்குது, நடுவுல ராபின் ஃபிங்க் கிட்டார் சோலோ அழ வெக்குது. கொறைன்னா, மேல மேல ட்ராக் அடுக்கி சில பாட்டுல மூச்சு வுடவே எடம் இல்ல, 'மடகாஸ்கர்'ல மார்ட்டின் லூதர் கிங் பேச்சு, சினிமா வசனம்னு எல்லாத்தையும் கொட்டி வெச்சிருக்காங்க. 'ஸ்க்ரேப்ட்' எனக்கு சுத்தமா ஓடல.

2016ல ஸ்லாஷும் டஃப்பும் திரும்பி வந்ததுக்கு அப்புறம் இந்த ஆல்பம் பாட்டு சிலத ஸ்லாஷே மேடையில வாசிக்கிறாரு, யூடியூப்ல கெடைக்குது, கீழ பாத்தா இது எந்த ஆல்பம்னு கேக்குறவன் இன்னும் இருக்கான். வாங்கலாமான்னு கேட்டா, பழைய சிடி சல்லிசா கெடைச்சா தாராளமா வாங்குங்க, புக்லெட் இருக்கான்னு மட்டும் பாத்துக்கங்க. போன் ஸ்பீக்கர்ல போடாதீங்க, ஹெட்போன் மாட்டிக்கங்க. 3, 4, 6, 13 இந்த நாலையும் மொதல்ல கேளுங்க, 8 வந்தா தள்ளி வுட்டுடுங்க.