கும்பலை அடக்க காம் எமோஷன்ஸ்: பல கேம்பெய்ன்களுக்குப் பிறகு

டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பாத்திரமேற்று ஆடும் பகடை விளையாட்டின் 5ஆம் பதிப்பில் ஊரே கல்லும் கட்டையுமாகத் திரண்டு வந்தால், கிளெரிக்கோ (பூசாரி) பார்டோ (பாணர்) முதலில் தேடுவது கோபத்தைத் தணிக்கும் காம் எமோஷன்ஸ் என்ற இந்த 2ஆம் லெவல் ஸ்பெல்லைத்தான் (மந்திரம்). கேரக்டர் மூன்றாம் லெவலுக்கு வந்ததுமே கைக்குக் கிடைத்துவிடும். சண்டையை இது தீர்த்துவைக்கும் என்று நம்பினால் ஏமாந்துபோவீர்கள். கிடைப்பது ஒரே ஒரு நிமிடம், 10 ரவுண்ட். முடிந்ததும், டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) மனம் இரங்கினால் ஒழிய, கும்பல் பழைய கோபத்துக்கே திரும்பிவிடும்.

விஸ்டம் 16 உள்ள மூன்றாம் லெவல் கிளெரிக்குக்கு டிசி 13, அதாவது ஸ்பெல்லிலிருந்து தப்ப எதிராளி 20 பக்கப் பகடையில் எட்ட வேண்டிய எண். இதற்கு உருட்டுவது கரிஸ்மா சேவ் (தப்பிக்கும் உருட்டு); ஊர்க்காரனின் கரிஸ்மா 10, பகடை எண்ணோடு கூட்ட ஒன்றுமில்லை. ஆக 20 பேரில் சராசரியாக 12 பேர் அடங்குவார்கள், 8 பேர் கொதித்துக்கொண்டே நிற்பார்கள். நம்மைக் கவிழ்ப்பது அந்த எட்டுப் பேர்தான். அவர்களில் ஒருவனை நம் ஃபைட்டர் ஒரு போடு போட்டால், அதைப் பார்த்த நண்பர்கள் எல்லோருக்கும் ஸ்பெல்லின் பலன் அந்த நொடியே போய்விடும். எனவே போடுவதற்கு முன்பே பார்ட்டிக்கு (உடன் ஆடும் குழுவுக்கு) சொல்லிவையுங்கள்: வாள் உறைக்குள், ஃபயர்பால் பேச்சே கூடாது. அடங்காதவர்களை அடிக்காமல் விலகிப் போவதே வழி.

யார் மீதுள்ள பகை அடங்க வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுப்பது நீங்கள்தான். பலரும் பார்ட்டியைச் சொல்லிவிட்டு, கும்பல் தேடி வந்த கைதியை விட்டுவிடுகிறார்கள். அவனையும் சேர்த்துச் சொல்லுங்கள். அடங்கியவன் நண்பனாகிவிடுவதில்லை, சொன்னபடி கேட்கவும் மாட்டான். வெறுமனே கண்டுகொள்ளாமல் இருப்பான், அவ்வளவுதான். அந்த 10 ரவுண்டுக்குள் கைதியை வண்டியில் ஏற்றிக் கிளம்பிவிட வேண்டும்.

நிற்கும் இடமும் முக்கியம். ஸ்பெல் எட்டும் தூரம் 60 அடி, கோளத்தின் ஆரம் 20 அடி. மையத்தைக் கடைசி எல்லையில் வைத்தால் கும்பலின் முன்வரிசை உங்களிடமிருந்து 40 அடி தள்ளி இருக்கும்; கைக்குக் கிடைத்த கல்லை எறிபவனுக்கு 20 அடி தாண்டினாலே டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிக் குறைந்ததை எடுப்பது). கிட்டே நின்றால் கான்சன்ட்ரேஷன் (ஸ்பெல்லைக் கலையாமல் பிடித்திருக்கும் கவனம்) நிலைக்காது. மேலே விழும் ஒவ்வொரு அடிக்கும் டிசி 10 கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) சேவ். +2 உள்ளவர் ஒரு கல்லைத் தாங்கும் வாய்ப்பு 65%, மூன்று கல்லையும் தாங்குவது 27% தான். மையத்தைத் தரையில் வையுங்கள். உயரத் தூக்கினால் தரையில் விழும் வட்டம் சுருங்கிவிடும்.

3ஆம் லெவல் ஸ்லாட்டில் (ஸ்பெல் போட ஒதுக்கப்பட்ட வாய்ப்பு) போடுவது வீண், கூடுதலாக எதுவும் கிடைக்காது.

இன்னொரு கண்ணி: இது ஹியூமனாய்டுகளிடம் (மனிதரைப் போன்ற இனங்கள்) மட்டுமே பலிக்கும். 2014 புத்தகத்தில் கோப்லின் (குட்டிப் பூதம்) ஹியூமனாய்டு, 2025 மான்ஸ்டர் மேனுவலில் ஃபே (மாய உலக இனம்). கோப்லின் கும்பல் எதிரே வந்தால், டிஎம் எந்தப் புத்தகத்தை வைத்து நடத்துகிறார் என்று கேட்டுவிட்டே ஸ்லாட்டைச் செலவழியுங்கள்.