பத்தாம் வகுப்புக்குப் பின் பாலிடெக்னிக்கா, பிளஸ் டூவா?

பத்தாம் வகுப்பு முடிவு வெளியானதும், கணினித் துறைக்குப் போக விரும்பும் பிள்ளையைப் பதினோராம் வகுப்பில் சேர்ப்பதா, பாலிடெக்னிக்கில் சேர்ப்பதா என்று உறவினர்கள் ஆண்டுதோறும் என்னிடம் கேட்கிறார்கள். நான் அரசு பாலிடெக்னிக்கில் கணினிப் பொறியியல் டிப்ளமோ படித்து, இரண்டாண்டு வேலை பார்த்து, அதன்பின் பி.இ. முடித்தவன். ஆகவே என் சாய்வு டிப்ளமோவின் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பாலிடெக்னிக்கில் செய்முறை மிகுதி, பொறியியல் கல்லூரியில் கோட்பாடு மிகுதி, அரசு பாலிடெக்னிக்கில் கட்டணம் குறைவு என்பவையெல்லாம் எல்லோரும் அறிந்தவை. முடிவெடுக்க உதவுவது ஆண்டுக் கணக்குதான்.

பிளஸ் டூவுக்கு 2 ஆண்டு, பி.இ.க்கு 4 ஆண்டு, ஆக 6. டிப்ளமோவுக்கு 3 ஆண்டு, நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கையின் மூலம் பி.இ.க்கு 3 ஆண்டு, அதுவும் 6. டிப்ளமோவைச் சுற்றுவழி என்று எண்ணும் பெற்றோர் இந்தக் கணக்கைப் பெரும்பாலும் போட்டுப் பார்ப்பதில்லை. இரண்டு வழிகளும் ஒரே நாளில் ஒரே பட்டத்தில் போய் முடிகின்றன. நடுவழியில் நின்றுவிட நேர்ந்தால் கையில் என்ன இருக்கும் என்பதில்தான் வேறுபாடு. மூன்றாம் ஆண்டின் முடிவில் டிப்ளமோ மாணவரிடம் வேலைக்குக் காட்டத்தக்க ஒரு தொழில்நுட்பச் சான்றிதழ் இருக்கும்; அதே நாளில் மற்றவர் பி.இ. முதலாண்டை மட்டுமே முடித்திருப்பார், அவர் படிப்பை விட்டால் மிஞ்சுவது பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல்தான்.

இதை நான் வாழ்ந்து அறிந்தேன். டிப்ளமோவின் கடைசிப் பருவத்தில் அப்பா படுத்த படுக்கையானார். மதுரையில் ஒரு சிறிய நிறுவனத்தில் நெட்வொர்க் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்து, அலுவலகம் அலுவலகமாகச் சென்று கேபிள் இழுத்து, ஸ்விட்ச்சும் ரவுட்டரும் அமைத்துக் கொடுத்து, அந்தச் சம்பளத்தில் வீட்டை நடத்தினேன். இரண்டாண்டு கழித்து நிலைமை சீரானதும், அதே டிப்ளமோ சான்றிதழைக் கொண்டு பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர முடிந்தது. வகுப்பில் ஒரு நெட்வொர்க்கைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் சப்நெட் கணக்கைப் பேராசிரியர் கரும்பலகையில் எழுதியபோது, அது நான் கையால் செய்து பழகிய வேலையாக இருந்தது. என்னோடு பத்தாம் வகுப்பு படித்து, பிளஸ் டூ வழியில் சென்ற ஒரு நண்பனின் வீட்டிலும் அதே போன்ற நெருக்கடி வந்தது, அவன் பி.இ. இரண்டாம் ஆண்டில் நின்றவன், மீண்டும் படிப்புக்குத் திரும்பவே இல்லை.

டிப்ளமோவோடு நின்றுவிடுவதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பெரிய மென்பொருள் சேவை நிறுவனங்கள் வளாகத் தேர்வில் பெரும்பாலும் பட்டதாரிகளையே எடுக்கின்றன. அமெரிக்காவில் வேலை செய்வதற்கான எச்-1பி விசாவுக்கு இளநிலைப் பட்டமோ அதற்கு இணையான தகுதியோ வேண்டும். குறையும் ஒவ்வொரு கல்வியாண்டுக்கும் மூன்றாண்டுப் பணி அனுபவத்தை ஈடாகக் காட்ட வேண்டியிருக்கும். பிளஸ் டூவோ டிப்ளமோவோ முடித்தவர்களுக்கு உதவித்தொகையுடன் பயிற்சி தந்து வேலைக்கு எடுக்கும் ஸோகோ மென்பொருள் நிறுவனத்தின் ஸோகோ பள்ளி போன்ற வாசல்கள் இருக்கின்றன என்றாலும், அவற்றை நம்பி ஒரு பிள்ளையின் திட்டத்தை வகுக்க இயலாது.

பிளஸ் டூ வழியே மேலானது என்று நான் ஒப்புக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தமிழ்நாடு அரசு 2021 முதல் பொறியியலிலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தருகிறது; அதில் இடம் பெறுபவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு பாலிடெக்னிக் செல்பவருக்கு இது கிடைக்காது. கணிதத்தில் நல்ல பிடிப்புள்ள அரசுப் பள்ளி மாணவர் என்றால், பதினோராம் வகுப்பில் சேர்க்கும்படியே சொல்வேன்.

ஐடிஐ எனப்படும் தொழிற்பயிற்சி நிலையத்தில் உள்ள கோபா (கணினி இயக்குபவர், நிரலாக்க உதவியாளர்) பிரிவைப் பற்றி, என்னோடு வேலை செய்தவர்களிடம் கண்டதை மட்டுமே சொல்ல முடியும். அது ஓராண்டில் முடிந்து, அலுவலகக் கணினி வேலைகளுக்கு விரைவில் ஆளைத் தயாராக்குகிறது. ஆனால் நேரடியாக டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் சேர இரண்டாண்டு ஐடிஐ படிப்பு கேட்கப்படுவதால், அங்கிருந்து மேலே ஏறும் படி சற்று உயரமாகவே இருக்கிறது.

டிப்ளமோ வழியின் மெய்யான குறை கணிதம். பி.இ. முதலாண்டின் இரண்டு கணிதத் தாள்களையும் படிக்காமலேயே நாம் மூன்றாம் பருவத்துக்குள் நுழைகிறோம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் கணினி அறிவியலுக்கு அந்தப் பருவத்திலேயே தனிநிலைக் கணிதம் (டிஸ்கிரீட் மேத்தமேட்டிக்ஸ்) காத்திருக்கிறது. எனக்கு இரண்டு கணித அரியர் விழுந்து, அவற்றை எடுத்து முடிக்க ஓராண்டு ஆனது. அதனால் சென்ற ஆண்டு டிப்ளமோ முடித்த அக்கா மகனிடம், கல்லூரி திறக்கும் வரை கிடைத்த மூன்று மாதங்களில் அணிகளையும் (மேட்ரிக்ஸ்) நுண்கணிதத்தையும் (கால்குலஸ்) முதலாண்டுப் புத்தகத்திலிருந்தே நாள்தோறும் இரண்டு மணி நேரம் போடச் சொன்னேன். அவன் மூன்றாம் பருவத்தை அரியர் இல்லாமல் கடந்துவிட்டான்.