கொழிஞ்சாம்பாறை மோட்டார் மெக்கானிக்: கழற்றும் முன் யோசிக்கிறவர்

எங்கள் தென்னந்தோப்பு கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகிற வழியில் இருக்கிறது. பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் கேரளம் என்றதும் நினைவுக்கு வருகிற மழை இந்தப் பக்கம் அவ்வளவாக எட்டிப் பார்ப்பதில்லை. போர்வெல் தண்ணீரை நம்பித்தான் மரங்கள் நிற்கின்றன. 600 அடியில் ஏழரை ஹெச்பி த்ரீ ஃபேஸ் சப்மெர்சிபிள், அதாவது மூன்று ஒயரில் கரண்ட் வாங்கி, தண்ணீருக்குள் மூழ்கியே ஓடுகிற மோட்டார்.

போன கோடையில் ஸ்டார்ட்டர் தினமும் ட்ரிப் ஆகி, மோட்டார் தானாக நின்றது. முதலில் வந்தவர் எட்டிப் பார்த்ததுமே "காயில் போச்சுங்க" என்றார். மோட்டாரைத் தூக்கி, காயில் கம்பியைப் புதிதாகச் சுற்றி (ரீவைண்டிங்), திரும்ப இறக்கியதில் 22,000 ரூபாய். பதினைந்தாம் நாள் மறுபடி அதே ட்ரிப். "கேபிளை மாத்திப் பாக்கலாமுங்க" என்றார். அந்தப் 'பாக்கலாம்' என்னை உறுத்தியது. முப்பது வருஷம் தமிழ் மீடியத்தில் கணக்கு சொல்லிக் கொடுத்தவள் நான். விடையை முதலில் ஊகித்து எழுதிவிட்டு அப்புறம் வழியைத் தேடுகிற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் சொல்லித்தான் இந்தத் தம்பியைக் கூப்பிட்டேன். ஒற்றை ஷட்டர் கடை, போர்டு கிடையாது. ஒயரைக் கவ்வி கரண்ட் அளக்கிற ஒரு டாங் டெஸ்டரும் நோட்டும் கொண்டு வந்தார். எதையும் தொடவில்லை.

"டீச்சர், எப்ப நிக்காம ஓடுதுங்க?"

அதுவரை என்னிடம் யாரும் இப்படிக் கேட்கவில்லை. யோசித்துப் பார்த்தேன். காலையில் முதல் தடவை போட்டால் முக்கால் மணி நேரம் ஓடும். நின்றதும் உடனே போட்டால் பத்து நிமிஷம்கூடத் தாங்காது. "அப்ப சூடு ஏறித்தான் நிக்குதுங்க. பம்பு இறுகியிருந்தா போட்டதுமே நின்னுருக்கும்" என்று குறித்துக்கொண்டார்.

வகுப்பில் நான் சொல்கிற ஜான் ஸ்னோ கதை நினைவுக்கு வந்தது. 1854ல் லண்டன் சோஹோவில் காலரா. ஒரு தெருக் குழாயின் தண்ணீர்தான் காரணம் என்று சந்தேகித்த அந்த மருத்துவர், எந்தெந்த வீட்டில் சாவு என்று பார்த்ததோடு விடவில்லை. தெருக் குழாய்க்குப் பக்கத்திலேயே இருந்த பீர் ஆலையின் ஆட்கள் ஏன் சாகவில்லை என்றும் விசாரித்தார். ஆலைக்குச் சொந்தக் கிணறு இருந்தது, குடிக்க பீரும் கிடைத்தது. தெருக் குழாயை அவர்கள் தொடவில்லை. கெடுதல் இல்லாத இடத்தைப் பற்றியும் கேட்கத் தெரிவதுதான் பகுத்தாய்வு என்று நினைக்கிறேன்.

அப்புறம் மோட்டாரை ஓட்டி மூன்று ஒயரிலும் கரண்ட் பார்த்தார். 14.6, 14.2, 10.1 ஆம்பியர். மூன்றாவது மட்டும் குறைவு. மோட்டாரை நிறுத்தி, ஸ்டார்ட்டரிலிருந்து மோட்டாருக்குப் போகிற மூன்று ஒயரையும் கழற்றி, ஒவ்வொன்றையும் ஒரு இடம் தள்ளி மாட்டினார். இரண்டை மட்டும் மாற்றினால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். மூன்றையும் தள்ளினால் திசை மாறாது. இனி அந்தக் குறைச்சல் ஒயரோடு கூடவே நகர்ந்தால் கோளாறு கேபிளிலோ மோட்டாரிலோ. அதே முனையில் நின்றால் கோளாறு மேலே, கரண்ட் வருகிற வழியில்.

மறுபடி ஓட்டினார். மூன்றாவது முனையிலேயே 10 சொச்சம். இன்னொரு தடவை தள்ளினார். அப்போதும் அதே முனைதான்.

"கீழ ஒண்ணும் இல்லீங்க டீச்சர்."

600 அடி ஆழத்தில் இருக்கிற மோட்டாரைத் தூக்காமல், மூன்று திருகாணிகளைக் கழற்றி மாட்டியே அதைச் சொல்லிவிட்டார். மோட்டார் ரூம் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மீதி சுலபமாக முடிந்தது. மோட்டார் ஓடும்போதே வரிசையாக ஒவ்வொரு இணைப்பின் இரண்டு பக்கமும் வோல்டேஜ் பார்த்தார். மெயின் ஸ்விட்சில் மூன்றாவது பியூஸ் கேரியரில், அதாவது பியூஸ் கம்பியைப் பிடித்திருக்கும் கட்டையில் மட்டும், கொஞ்சம் வோல்டேஜ் காணாமல் போனது. மெயினை ஆஃப் செய்து உருவினால் செம்புத் தகடு கருகி, பிடிமானம் இல்லாமல் ஆடியது. அந்தக் கொஞ்சம் என்ன பெரிசு என்று கேட்டேன். ஃபேஸ்களுக்கு இடையே வோல்டேஜ் ஒரு சதவீதம் ஏறுமாறானாலே கரண்டில் அது ஆறு முதல் பத்து மடங்காகத் தெரியுமாம். அந்தச் சுமை மற்ற இரண்டு ஒயரில் ஏறி, ஸ்டார்ட்டருக்குள் காவலுக்கு இருக்கிற ரிலே சூடாகி மோட்டாரை நிறுத்தியிருக்கிறது. ரிலே தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது.

செலவு 650 ரூபாய், கேரியர் உட்பட.

குறைகளும் உண்டு. கூப்பிட்டு மூன்றாம் நாள்தான் வந்தார். வேலையில் இருக்கும்போது போன் எடுக்க மாட்டார். கேரியர் அவரிடம் இல்லை, நானே பக்கத்திலிருக்கிற சித்தூர் போய் வாங்கி வந்தேன். பில் தருவதில்லை. கோடையில் மூன்று நாள் தண்ணீர் இல்லாமல் இருப்பது லேசான விஷயம் இல்லை. கூட ஒரு பையனை வைத்து இந்த வேலையைப் பழக்க வேண்டும் என்று அவரிடமே சொன்னேன்.

போகும்போது கதவின் உட்பக்கம் சாக்பீஸால் மூன்று ஒயரின் புது ஆம்பியரையும் 12.6, 12.4, 12.7 என்று தேதியோடு எழுதிவிட்டுப் போனார். நானும் ஒரு டாங் டெஸ்டர் வாங்கிவிட்டேன். மாதம் முதல் தேதி பார்த்து, அதன் கீழேயே எழுதி வருகிறேன்.