200 முழம் பூவும் ஒரு இஞ்ச் டேப்பும்

தங்கச்சி கல்யாணத்துக்காக நாலு வருஷம் கழிச்சு மதுரைக்கு மூணு வாரம் போயிட்டு வந்தேன். மண்டபம், சாப்பாடு, மேளம், ஐயர் எல்லாமே நல்லா நடந்துச்சு, அதைப் பத்தி சொல்ல ஒண்ணும் இல்ல. எனக்கு இன்னும் ஆறாம இருக்கறது பூ விஷயம் மட்டும்தான். வீட்டுக்காரர் "முடிஞ்சதை விடு"ங்கறார், முடியல.

வைகாசி முகூர்த்தம், கத்திரி வெயில். மார்கழி தை மாதிரி இல்ல, இந்த சீசன்ல மல்லி வரத்து நல்லா இருக்கும். பனிக்காலத்துல கிலோ ஆயிரக்கணக்குல போறதெல்லாம் இப்ப இருக்காதுன்னு தைரியமா, "பூ என் பொறுப்பு"ன்னு நியூஜெர்சில உக்காந்துகிட்டே வாய விட்டுட்டேன். இங்க நமக்குக் கிடைக்கிற லட்சணம் தெரியும்ல, இந்தியன் கடை ஃப்ரிட்ஜ்ல அலுமினிய ஃபாயில் சுத்தி வச்சிருப்பான், பிரிச்சா மல்லி வாசத்தை விட பக்கத்துல இருந்த கொத்தமல்லி வாசம்தான் தூக்கலா வரும், அதுக்கு அஞ்சாறு டாலர். அதையும் தலைல வச்சுகிட்டு ஃபோட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்புவோம். அதனால ஊர்ல வர்ற ஒவ்வொரு பொம்பளைக்கும் ஒரு முழம் நல்ல மல்லி குடுக்கணும்னு எனக்கு ஒரு வெறி.

மாலை, ஜடை அலங்காரம், உதிரிப் பூ எல்லாத்துக்கும் ஒரே ஆள்கிட்ட வாட்ஸ்அப்லயே பேசியாச்சு. பேர் வேண்டாம். சம்பங்கியும் பன்னீர் ரோஜாவும் வச்ச மாலை ரெண்டு செட், வரவேற்புல சந்தனம் கல்கண்டோட வைக்க 200 முழம் மல்லி, முழம் 30 ரூபான்னு பேச்சு. அட்வான்ஸ் ஜிபேல போட்டாச்சு. தினமும் காலைல குட் மார்னிங் மெசேஜ் வேற அனுப்புவான், நானும் என்ன பொறுப்பான பையன்னு நெனச்சேன்.

முத நாள் ரிசப்ஷனுக்கு சாயங்காலம் நாலு மணிக்கு பூ வந்துச்சு. மாலை ஓகே, குறை சொல்ல முடியாது. 200 முழமும் ரெண்டு பெரிய பாலிதீன் கவர்ல அடைச்சு, வாயை இறுக்கி கட்டி! கவருக்குள்ள வேர்த்து தண்ணி முத்து முத்தா நிக்குது. பிரிச்சு எடுத்தா, நாருதான் தெரியுது பூவக் காணோம். இங்க ஒண்ணு அங்க ஒண்ணு, நடுவுல வரிசையா பச்சை நாரு. எங்க பெரியம்மா தூக்கிப் பார்த்துட்டு "என்னடி இது, கொடில துணி காயப் போட்ட மாதிரி இருக்கு"ன்னுச்சு.

எனக்கு வந்துச்சே கோவம். ப்ளவுஸ் பிரிக்க வச்சிருந்த பையில இருந்து இஞ்ச் டேப்பை எடுத்தேன். அம்மா "ஏண்டி அசிங்கப்படுத்துற"ன்னு தலைல அடிச்சுகிட்டாங்க, கல்யாணப் பொண்ணு மேக்கப்போட சிரிக்குது. அளந்தா ஒரு முழம் 15 இஞ்ச். பூவை எண்ணினேன், 54. அம்மா பழைய ஞாபகத்துல கோயிலுக்கு நெருக்கமா கட்டி வச்சிருந்த பூ ஒண்ணு இருந்துச்சு, அதை 18 இஞ்ச் அளந்து எண்ணினா 118. ஆமா உக்காந்து எண்ணினேன், ரிசப்ஷனுக்கு ரெண்டு மணி நேரம் இருக்கறப்ப.

ஃபோன் போட்டேன். அவன் கொஞ்சம் கூட அசரல. "அக்கா, நீங்க முழம்தான பேசுனீங்க, எத்தன பூன்னு பேசலையே?" நான் வாயடைச்சுப் போயிட்டேன். அப்புறம் சுதாரிச்சுகிட்டு "முழம்னா 15 இஞ்சா"ன்னு கேட்டா, "எங்கம்மா கை அளவுக்கா, அவங்க குட்டை"ங்கறான். இதுக்கு என்ன பதில் சொல்ல? அமெரிக்கால என் ஃப்ரெண்ட் பொண்ணு கல்யாணத்துக்கு பூக்காரி எத்தனை தண்டு, என்ன கலர், வாடினா எவ்ளோ திருப்பித் தருவேன்னு மூணு பக்கத்துக்கு எழுதிக் கையெழுத்து வாங்கினா. அப்ப நாங்க சிரிச்சோம், பூவுக்குப் போயி கான்ட்ராக்டான்னு. மதுரை மல்லிக்கு 2013-லயே புவிசார் குறியீடு குடுத்தாச்சு, முழத்துக்கு இன்னும் குடுக்கல போல.

சரி ராத்திரி அதையே சமாளிச்சோம். மிச்சம் இருந்ததை மண்டபத்து ஏசி ரூம்ல அதே கவரோட வச்சுட்டேன், நான் பண்ணின தப்பு அது. காலைல பார்த்தா பூரா விரிஞ்சு, காம்போரம் செம்பட்டையாயி, ஒரு மாதிரி புளிச்ச வாடை.

அஞ்சரைக்கெல்லாம் மாமாவோட ஸ்கூட்டர்ல மாட்டுத்தாவணி பூ மார்க்கெட். அய்யோ அந்த வாசம். உள்ள நுழையறப்பவே செவ்வந்தி, மரிக்கொழுந்து, ஈரச் சாக்கு எல்லாம் கலந்து ஒண்ணு அடிக்கும் பாருங்க, எனக்கு ஒரு நிமிஷம் கோவமே மறந்துபோச்சு. அப்பதான் ஒரு மூட்டை குண்டுமல்லி இறக்கினாங்க, மொட்டு மொட்டா, சில்லுன்னு. கிலோ 700. பேரம் பேசாம மூணு கிலோ வாங்கினேன், மாமா அதுக்கு ஒரு முறை முறைச்சார். யாவாரி என் கையில இருந்த பாலிதீன் பையைப் பார்த்துட்டு "அதுல போடாதீங்கம்மா, வெந்துரும்"னு சொல்லி ஒரு ஓலைக் கூடைல ஈரத்துணி விரிச்சுப் போட்டுக் குடுத்தார். கூடை சும்மாதான் குடுத்தார்.

மண்டபத்துல பெரியம்மா தலைமைல அஞ்சு பேரு பாய் விரிச்சு உக்காந்துட்டாங்க. வாழைநாரை தண்ணில நனைச்சு கிழிச்சு, ரெண்டு மொட்டு இந்தப் பக்கம் ரெண்டு அந்தப் பக்கம், ஒரு சுத்து, ஒரு இழுப்பு. கண்ணு பூமேல இல்ல, வாய் யார் வீட்டு மருமக என்ன பண்ணுனான்னு பேசுது, கை மட்டும் ஓடுது. நானும் உக்காந்தேன், நான் கட்டினது நாலாவது முடிச்சுலயே உருவிகிட்டு வந்துச்சு. "நீ போயி காபி கொண்டா"ன்னு அனுப்பிட்டாங்க. ஏழே முக்காலுக்கு நூறு முழத்துக்கு மேல ரெடி, முகூர்த்தம் ஒம்பதுக்கு மேலதான்.

பத்திரமா வைக்கறதும் பெரியம்மா சொன்ன மாதிரிதான் செஞ்சோம். பழைய காட்டன் வேட்டியை நனைச்சு நல்லா பிழிஞ்சு, கூடைக்குள்ள விரிச்சு, பூவை வட்டமா சுருட்டி வச்சு, மேல வாழை இலை. ஃபேனுக்குக் கீழ வைக்கக் கூடாது, காஞ்சுரும். மொட்டா இருக்கறப்ப கையால லேசா தண்ணி தெளிச்சா தப்பில்ல, விரிஞ்ச பூவுல தண்ணி நின்னா கறுத்துரும். காலைல மொட்டா வாங்கிட்டுப் போறவங்களுக்கு அது சாயங்காலம் வீட்டுலதான் விரியும், அதுதான் சரியான கணக்காம். நான் என்னடான்னா விரிஞ்ச பூ வேணும்னு மெசேஜ்ல கேட்டிருந்தேன்!

அடுத்த மாசம் சித்தி பொண்ணு நிச்சயம். ஃபோன்ல சொல்லிட்டேன், முழக் கணக்கே பேசாதீங்க, உதிரி மல்லி கிலோவுல எடுங்க, கட்டுக்கூலி தனியாக் குடுங்க, கட்டுறது கண் முன்னாடி நடக்கட்டும்னு. சித்தி "சரிடி சரிடி, அந்த டேப்பை அனுப்பி வை"ங்கறாங்க.

பூக்காரனுக்கு பேலன்ஸ்ல 1500 பிடிச்சுகிட்டுதான் குடுத்தேன். ஒண்ணும் சொல்லல. இன்னிக்கும் காலைல மல்லிப்பூ படம் போட்டு குட் மார்னிங் அக்கான்னு வந்துச்சு. படத்துல என்னமோ நல்லா நெருக்கமாத்தான் கட்டியிருக்கு.