மாப்பிள்ளைச் சாமானில் வைக்கும் மூக்கு முடி ட்ரிம்மர்: ஏமாறாமல் வாங்குங்கள்

தை முகூர்த்தத்துக்குக் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் சாமான் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். மாப்பிள்ளைக்கு வைக்கும் ஷேவிங் செட்டோடு மூக்கு முடி ட்ரிம்மரும் சேர்த்து வைக்கிறார்கள் அல்லவா, அதில் ஒரு மட்டமான சரக்கு நடமாடுகிறது. மூக்கு, கிருதா, தாடி என்று தலையை மாற்றி மாற்றிப் போடுகிற ‘மூணு இன் ஒன்’. டப்பாவில் 1,299 ரூபாய் என்று ஸ்டிக்கர். “உங்களுக்குன்னா 350ண்ணே, ஜெர்மன் பிளேடு, அப்படியே தண்ணியில அலசலாம்” என்று கையில் திணித்துவிடுவார்கள். ஒரு கல்யாண வீட்டார் மாப்பிள்ளைக்கும் மச்சினன்மாருக்கும் சேர்த்து ஆறு வாங்கினார்கள். மாதம் முடிவதற்குள் ஆறும் படுத்துவிட்டன. திருப்பிக் கொண்டுபோனால், “கரண்ட் சாமான் வித்தா வித்ததுதான்” என்று பதில். பில்லும் கொடுக்கவில்லை.

அதில் ஒன்றைப் பிரித்தால் விஷயம் விளங்கும். மூக்கு ட்ரிம்மரின் தலையில் இரண்டு பாகம்: வெளியே காடி வெட்டிய அசையாத குழல், உள்ளே சுற்றும் பிளேடு. இரண்டும் கத்தரிக்கோலின் இரு அலகு போல ஒட்டி உரசினால்தான் முடி வெட்டுப்படும். இந்தச் சரக்கில் வெளிக்குழல் பிளாஸ்டிக். மேலே வெள்ளி முலாம், அவ்வளவுதான். உள் பிளேடு தகட்டில் அச்சடித்து எடுத்தது, விளிம்பைச் சாணை பிடிக்கவே இல்லை. வெளிச்சத்தில் பிடித்தால் குழலுக்கும் பிளேடுக்கும் நடுவே சந்து தெரிகிறது. முடி அந்தச் சந்தில் மடங்கிச் சிக்கும், வெட்டுப்படாமல் வேரோடு இழுபடும். கண்ணில் தண்ணீர் வருவது அதனால்தான். வேரோடு பிடுங்கின இடத்தில் கொப்புளம் கிளம்பினால் மூக்கு நுனி வீங்கி வலிக்கும். அதை அழுத்திப் பிதுக்க வேண்டாம், டாக்டரிடம் காட்டுங்கள். அந்த இடத்துத் தொற்று அரிதாக உள்ளே மூளைப் பக்கம்கூடப் பரவலாம்.

உடம்பைக் கழற்றினால் 1.2 வோல்ட் சார்ஜ் செல் ஒன்று. அதற்குப் போவது ஒரு டயோடு, ஒரு ரெசிஸ்டர், ஒரு சிவப்பு விளக்கு. செல் நிறைந்ததும் நிறுத்துகிற சர்க்யூட் கிடையாது. அந்த விளக்கு பச்சையாக மாறும் என்று ராத்திரி முழுக்கக் காத்திருந்தால் செல் சூடேறிக் கெட்டுப்போகும். ஆறும் ஒன்றுபோல் போனதற்கு இதுதான் காரணம். செல் தளர்ந்தால் மோட்டார் வேகம் குறையும். வேகம் குறைந்தால் நல்ல பிளேடுகூட முடியை இழுக்கும், இது எப்படி இருக்கும்!

‘அலசலாம்’ என்பது இன்னும் பெரிய பொய். செல் மூடியில் ரப்பர் வளையமே இல்லை. குழாயடியில் காட்டினால் தண்ணீர் நேரே மோட்டாருக்குப் போகும். வாங்கும்போது மூடியைத் திறந்து வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். டப்பாவில் ஐபிஎக்ஸ்7 என்று இருந்தால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்க வேண்டும். ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கும் தண்ணீருக்கு மட்டும். வெறுமனே குழாய்ப் படம் போட்டிருந்தால் தலையை மட்டும்தான் கழுவலாமா, முழுசாகவா என்று குறிப்பேட்டில் படித்துவிடுங்கள்.

காந்தம் ஒட்டினால் ஸ்டெயின்லெஸ் இல்லை என்று சிலர் சோதிப்பார்கள். பிளேடு விஷயத்தில் அது செல்லாது. கூர் நிற்கிற மாதிரி கெட்டியாக்கிய ஸ்டெயின்லெஸ்ஸில் காந்தம் ஒட்டத்தான் செய்யும்.

எங்கள் யோசனை இதுதான்: குறைந்த விலைக்கு வேண்டுமென்றால் சார்ஜ் போடுகிறதையே விடுங்கள். மூக்குக்கு மட்டுமென்று செய்தது, ஒரே ஒரு பென்சில் செல்லில், அதாவது ஏஏ செல்லில் ஓடுவது போதும். பானசோனிக் இஆர்-ஜிஎன்30 அந்த ரகம். செல் தீர்ந்தால் மாற்றிக்கொள்ளலாம், பொருள் சாகாது. அல்கலைன் செல் போடுங்கள். சாதா செல் சீக்கிரம் தளர்ந்து முடி இழுபடும். மாதக்கணக்கில் தொடாமல் வைப்பதாக இருந்தால் செல்லைக் கழற்றி வையுங்கள், கசிந்தால் ஸ்பிரிங் அரித்துவிடும்.

கடையிலேயே ஓட்டிப் பாருங்கள். சத்தம் ஏறி இறங்காமல் ஒரே சீராக வரவேண்டும். முன்கை முடியில் வைத்தால் சுருக்கென்று இழுக்காமல் வெட்ட வேண்டும். தலையைத் திருகினால் கழன்று, உள் பிளேடு வெளியே வரவேண்டும். வராவிட்டால் முடித்தூளும் சளியும் உள்ளேயே தங்கி நாறும். இப்படிப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.

மாப்பிள்ளைக்கு இதையும் சொல்லிவிடுங்கள். மூக்கைச் சிந்திவிட்டு, நுனியை அரை சென்டிமீட்டருக்கு மேல் உள்ளே விடாமல், வெளியே எட்டிப் பார்க்கிற முடியை மட்டும் எடுத்தால் போதும். உள்முடி தூசியைத் தடுக்கிறது, அது இருக்கட்டும். நடுத்தண்டின் முன்பக்கம் அழுத்தக் கூடாது. அங்கே ரத்தக்குழாய் மேலாக ஓடுகிறது, கீறினால் ரத்தம் நிற்க நேரமாகும். வீட்டில் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் ஐயா, அப்பத்தா இருந்தால் டாக்டரைக் கேட்காமல் அவர்கள் மூக்கில் ட்ரிம்மர் வைக்காதீர்கள். ஒருவர் மூக்கில் வைத்ததை இன்னொருவர் வைக்கவே கூடாது.

டப்பாவில் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, மாதம், வருஷம், எல்லா வரியும் சேர்ந்த விலை, புகார் சொல்ல நம்பர் இவையெல்லாம் அச்சில் இருக்க வேண்டும் என்று 2011 பொட்டலப் பொருள் விதி சொல்கிறது. விலை ஸ்டிக்கர் மட்டும் மின்னினால் அந்த டப்பாவைக் கீழே வைத்துவிடுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: 2019 நுகர்வோர் சட்டப்படி பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால், 30 நாளுக்குள் கொண்டுபோன பழுதுப் பொருளைத் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பதும் அப்படித்தான். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள். அதற்கும் மசியாவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் மனுப் போடலாம். 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை. பில் தராத கடையென்றால் ஜிபே செய்த ரசீதின் படத்தை எடுத்து வையுங்கள், டப்பாவையும் ஸ்டிக்கரையும் கிழிக்காமல் வையுங்கள்.